வெயிலை மண்ணுக்குள் சேமிக்கலாமா? மலையகக் குளிர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் துகள் பனி விழத் தொடங்கியதும் இரண்டு வகைப் படங்கள் கைபேசிக்கு வருகின்றன. ஒன்று, வெள்ளை படிந்த புல்லும் கருகிய கொழுந்தும். மற்றது, கனடாவிலோ டென்மார்க்கிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் காணொளி. கோடை வெயிலின் சூட்டை நிலத்துக்குள் இறக்கி வைத்து, பனிக்காலத்தில் எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். "நாங்களும் செய்யலாமே" என்று கூடவே ஒரு வரி.

அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏற்பாடு உண்மையானது, வேலை செய்யக்கூடியது. ஆனால் நம்முடைய குளிர் வேறு வகை. அவர்களுக்கு ஆறு மாதச் சேமிப்பு வேண்டும். நமக்குப் பன்னிரண்டு மணி நேரச் சேமிப்புப் போதும்.

கோடைச் சூட்டை நிலத்தில் வைப்பது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

அதிகம் பேசப்படும் உதாரணம் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், கல்கரி நகருக்குத் தெற்கே உள்ள ஒகோடோக்ஸ் என்ற சிற்றூர். அங்கே டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பில் 52 வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாகனக் கொட்டகைகளின் கூரைகளில் 800 சூரிய வெப்பத் தகடுகளைப் பொருத்தினார்கள். இவை மின்சாரம் எடுக்கும் தகடுகள் அல்ல. உள்ளே ஓடும் திரவத்தைச் சூடாக்கும் தகடுகள். 2007இல் அது இயங்கத் தொடங்கியது.

தகட்டில் சூடான திரவம் தன் வெப்பத்தை ஒரு பொதுக் கட்டடத்தில் இருந்த இரண்டு பெரிய தண்ணீர்த் தாங்கிகளுக்குக் கொடுக்கும். ஒவ்வொன்றும் 120 கன மீற்றர். அங்கிருந்து நிலத்துக்குள் போகும். 144 துளைகள், ஒவ்வொன்றும் 35 மீற்றர் ஆழம், எல்லாம் ஏறத்தாழ 35 மீற்றர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குள். ஒவ்வொரு துளையிலும் கீழே போய் வளைந்து மேலே வரும் பிளாஸ்டிக் குழாய். சூடேற்றும்போது வெந்நீரை வட்டத்தின் நடுவில் விட்டு வெளியோரத்தை நோக்கி ஓட விடுவார்கள். எடுக்கும்போது எதிர்த்திசை. இதனால் அதிகச் சூடு எப்போதும் நடுவிலேயே தங்கும், ஓரம் வழியே கசிவது குறையும். மேலே சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்புப் படலம் போட்டு மண்ணால் மூடியிருந்தார்கள். பக்கங்களுக்கும் அடிக்கும் காப்பு எதுவும் இல்லை. சுற்றியுள்ள மண்ணே காப்பு.

கோடை முடியும்போது நடுப்பகுதி மண் 80 பாகை செல்சியஸ் வரை சூடாகும். ஆனால் இது ஒரே வருடத்தில் கிடைத்த பலன் அல்ல. முதல் சில ஆண்டுகளில் போட்ட சூட்டில் பெரும்பகுதி சுற்றியுள்ள குளிர்ந்த மண்ணைப் பழக்கவே போய்விட்டது. ஐந்தாவது ஆண்டளவில்தான் வீடுகளைச் சூடாக்கத் தேவையான வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூரியனிலிருந்து வந்தது. 2015–16 பனிக்காலத்தில் முழுவதும் சூரியச் சூடுதான். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் போகிற ஊர் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண் அவ்வளவு நாள் சூட்டைப் பிடித்து வைக்குமா?

வைக்கும், குவியல் பெரிதாக இருந்தால். மண்ணிலும் பாறையிலும் சூடு மிக மெதுவாகத்தான் நகரும். அதோடு தூரம் இரண்டு மடங்கானால், சூடு அதைக் கடக்கும் நேரம் நான்கு மடங்காகும். 3 மீற்றர் அகல, நீள, ஆழம் கொண்ட மண் கட்டியின் நடுவிலிருந்து சூடு ஒன்றிரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். 35 மீற்றர் அகலமான கட்டியின் நடுவுக்கு அதே கணக்கில் பத்து வருடத்துக்கு மேல். தம்ளரில் ஊற்றிய தேத்தண்ணி பேசி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவில் வைத்தது பந்தி முடியும்வரை சுடுகிறது. அதேதான் இங்கேயும்.

ஆகவே "என் வீட்டு முற்றத்தில் ஒரு குழி தோண்டி ஆறு மாதத்துக்குச் சேமிக்கிறேன்" என்றால், அது நடக்காது. தனி வீட்டுக்கு இது சரிவராது. ஐம்பது அறுபது வீடுகள், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று சேர்ந்தால்தான் கணக்கு பொருந்தும்.

கொள்ளளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மீற்றர் தண்ணீர் ஒரு பாகை குளிர்ந்தால் கிடைப்பது 1.16 யூனிட் வெப்பம். மின்சார பில்லில் வரும் அதே யூனிட் அளவுதான். மண்ணும் பாறையும் ஏறத்தாழ அதில் பாதி.

தண்ணீர்க் குளத்திலும் சேமிக்கிறார்களாமே?

ஆமாம், டென்மார்க்கில். பெரிய பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மேலே காப்பிட்ட மிதக்கும் மூடி போடுகிறார்கள். வோயென்ஸ் என்ற ஊரில் உள்ளது 2 இலட்சம் கன மீற்றர். துரோனிங்லுண்டில் 60,000 கன மீற்றர். ஊர் முழுவதற்கும் வெந்நீர்க் குழாய் ஏற்கெனவே இருந்ததால்தான் இது அங்கே எளிதாகச் சேர்ந்தது. மூடிக்குள் ஈரம் புகுந்து காப்புக் கெட்டுப்போவது அவர்களுக்கும் தலைவலியாக இருந்திருக்கிறது. சுவீடனில் பாறையைக் குடைந்து வெந்நீர் தேக்கியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் நிலத்தடி நீர்ப் படுகையிலேயே ஒரு கிணற்றில் சூடு, மறு கிணற்றில் குளிர் என்று வைக்கிறார்கள். இது அங்கே அலுவலகக் கட்டடங்களில் சர்வசாதாரணம்.

டிரேக் லேண்டிங்கை மூடிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் தோல்விதானே?

2024இல் நிறுத்தினார்கள், உண்மை. வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. ஆனால் பழுதானது மண் அல்ல. தகடுகளும் பம்புகளும் குழாய்களும் பழசாகிவிட்டன. 52 வீட்டுக்கென்று தனியாக வடிவமைத்த அமைப்பு என்பதால் உதிரிப்பாகம் கிடைப்பதும், பழுது பார்ப்பதும், செலவைத் தாங்குவதும் கஷ்டமாகிவிட்டது. பதினேழு வருடம் ஓடிய ஒன்றைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாம் இதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு பம்ப் பழுதானால் அதைத் திருத்துவது யார் என்று தோட்டமும் சங்கமும் பிரதேச சபையும் மாறி மாறிக் கைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, 144 குழாயும் இரண்டு தாங்கியும் கொண்ட ஒரு பொது அமைப்பின் கதி என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சரி, பராமரிக்க ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நுவரெலியாவில் அதையே செய்தால் என்ன?

செய்யலாம், ஆனால் சேமிக்க நமக்குக் கோடை எங்கே? கல்கரிப் பக்கம் ஜூலை மாதச் சராசரிக்கும் ஜனவரிச் சராசரிக்கும் நடுவே ஏறத்தாழ 25 பாகை வித்தியாசம். நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், மிகவும் குளிர்ந்த மாதத்துக்கும் மிகவும் வெதுவெதுப்பான மாதத்துக்கும் நடுவே இரண்டு மூன்று பாகைதான். வருடம் முழுதும் சராசரி 16 பாகையை ஒட்டி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், கல்கரியில் ஜூலை மாதச் சராசரியும் ஏறத்தாழ அதுவேதான். அவர்களுடைய கோடை, நம்முடைய எல்லா மாதமும்.

அப்படியென்றால் நாம் ஏன் நடுங்குகிறோம்? நம்முடைய வித்தியாசம் மாதத்துக்கு மாதம் அல்ல, பகலுக்கு இரவு. ஜனவரி, பெப்ரவரியில் மத்தியானம் 20 பாகை. விடியற்காலையில் ஒற்றை இலக்கம். பள்ளமான இடங்களில் பூச்சியம். இது எப்போது நடக்கிறது? வானம் துடைத்தது போல் தெளிந்து, காற்று அசையாமல், ஈரம் குறைந்த இரவில். நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. மேகம் இருந்தால் அது ஒரு போர்வையாக நின்று சூட்டைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் மழை மூட்டமான இரவில் துகள் பனி விழுவதில்லை.

இரவில் குளிரை அனுப்பும் அதே தெளிந்த வானம்தான் பகலில் வெயிலையும் தருகிறது. அப்படியான ஒரு நாளில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 5 யூனிட்டுக்கு மேல் சூரிய வெப்பம் விழும். கனடாக்காரருக்குச் சூடு தேவைப்படும் மாதத்தில் போதிய வெயில் இல்லை; அதனால்தான் ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்து வைக்கிறார். நமக்குச் சூடு அதிகம் தேவைப்படும் இரவுக்கு முந்திய பகலிலேயே வேண்டிய அளவு வெயில் அடிக்கிறது. மத்தியானம் இரண்டு மணிச் சூட்டை விடியற்காலை நான்கு மணிக்குக் கொண்டுபோனால் போதும்.

இன்னொன்று. பண்டாரவளை, பதுளை, ஹட்டன் எல்லாவற்றையும் ஒரே மலையகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு ஆறரை பாகை குறையும். பதுளை நகரில் வீட்டைச் சூடாக்கும் பேச்சுக்கே இடமில்லை. நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல, பட்டிப்பொல, அக்கரபத்தனை மேட்டுப் பகுதி, இங்கெல்லாம்தான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு.

நம்முடைய மண்ணுக்குள் ஏற்கெனவே எவ்வளவு சூடு இருக்கிறது?

மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் கை வைத்துப் பாருங்கள். பனிக் காலையில் பீலித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், நடுப்பகலில் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும். தண்ணீர் மாறவில்லை, உங்கள் கையைச் சுற்றியுள்ள காற்றுத்தான் மாறுகிறது. பகல் இரவு மாற்றம் மண்ணுக்குள் அரை மீற்றர் போவதற்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே அந்த இடத்தின் வருடச் சராசரிதான், நுவரெலியாவில் 16, 17 பாகை.

வெளியே 4 பாகை இருக்கும்போது 16 பாகை பெரிய விஷயம்தான். நிலத்தோடு ஒட்டிய தரையும், சரிவுக்குள் பாதி புதைந்த பின்சுவரும் இரவில் வீட்டை ஓரளவு காப்பாற்றுகின்றன. ஆனால் 16 பாகையில் யாரும் சட்டையைக் கழற்றப் போவதில்லை. மண் நடுங்காமல் வைக்கும், கதகதப்பாக வைக்காது. வெயிலைச் சேர்த்தால்தான் 20ஐத் தொடலாம்.

கன்னியாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே. மலையில் ஆழமாகத் தோண்டினால் சூடு கிடைக்காதா?

கன்னியா, மகாஓயா, மகாபெலஸ்ஸ எல்லாம் தாழ்நிலத்தில் இருப்பவை. மழைநீர் வெடிப்புகள் வழியே மிக ஆழம் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது. சாதாரணமாக ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகைதான் கூடும். 35 மீற்றர் துளையில் அது ஒரு பாகைகூட இல்லை. நம் மலை கருங்கல் பாறை. கிலோமீற்றர் கணக்கில் துளைத்து ஒரு காம்பராவைச் சூடாக்குவது வீண் செலவு.

பகல் சூட்டை இரவுக்கு வைக்க எவ்வளவு தடிப்பான சுவர் வேண்டும்?

இங்கேதான் நமக்கு யோகம். ஆறு மாதத்துக்குப் பல மீற்றர் மண் தேவை. அரை நாளுக்கு 8 முதல் 10 அங்குலம் போதும். 10 அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கத்தில் பட்ட வெயில் உள்பக்கம் வந்து சேர ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். மத்தியானம் மூன்று மணிச் சூடு இரவு பத்து, பதினொரு மணிக்கு அறைக்குள் வரும். மண் சுவரும் அப்படித்தான். கருங்கல்லில் சூடு சற்று வேகமாக ஓடும், ஆகவே இன்னும் தடிப்பு வேண்டும். 4 அங்குல சீமெந்துக் கல்லில் சூடு மாலையிலேயே வந்து, நீங்கள் படுப்பதற்குள் தீர்ந்துவிடும்.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். வெளிநாட்டுப் புத்தகங்கள் "தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வையுங்கள்" என்று சொல்லும். அங்கே பனிக்காலச் சூரியன் தெற்கில் தாழ்வாக நிற்கும், கண்ணாடி வழியே அறையின் கடைசி வரை வெளிச்சம் போகும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறோம். ஜனவரி மத்தியானத்தில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகைக்கு மேலே, ஜூன் மாதத்தில் வடக்குப் பக்கம் போய்விடும். தெற்குச் சுவருக்கு ஜனவரியில் ஓரளவு கிடைக்கும், அவ்வளவுதான். கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலும் மேற்குச் சுவருக்குப் பின்னேர வெயிலும் நேராக விழும். இரவுக்கு உதவுவது மேற்கு. ஆனால் உங்கள் பக்கத்தில் இரண்டு மணிக்கெல்லாம் மிஸ்ட் ஏறிவிடும் என்றால் மேற்குச் சுவரை நம்ப வேண்டாம். கிழக்குப் பக்கத்தையும் தரையையும் பாருங்கள். இது ஊருக்கு ஊர், ஒரே தோட்டத்தில் டிவிசனுக்கு டிவிசன்கூட மாறும். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.

தடிப்பான சுவர் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பழைய துரை பங்களாக்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும், இரண்டடிக் கருங்கல் சுவர், உள்ளே எலும்பு சில்லிடும். மரநிழலில் நிற்கும், வெயில் படாத தடித்த சுவர் அந்த 16 பாகையைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு அறையிலும் கணப்பு கட்டினார்கள். கணப்பிலும் விறகின் சூட்டில் பெரும்பங்கு சிமினி வழியே வெளியே போனது, ஆனால் விறகு வெட்டியவர் அந்தப் பங்களாவில் குடியிருக்கவில்லை.

எங்கள் லயன் வீட்டில் எதை முதலில் செய்வது?

கூரை. சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும், அந்த ஓட்டை தலைக்கு மேலே இருக்கிறது.

சீலிங் இல்லாத தகரக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 18 பாகை, வெளியே 8 பாகை என்றால், ஒவ்வொரு சதுர மீற்றர் தகரத்தின் வழியேயும் 60 வாட் அளவு சூடு வெளியேறும். 550 சதுர அடி வீட்டுக்குக் கூரை 50 சதுர மீற்றருக்குக் குறையாது. அதாவது 3,000 வாட். பன்னிரண்டு மணி நேரத்தில் 36 யூனிட். இதை ஹீட்டர் போட்டு ஈடுகட்டினால் மாத பில்லை நினைத்தே வியர்க்கும். கீழே ஒரு சீலிங் அடித்து, அதன் மேல் 2 அங்குலக் காப்பு போட்டால் அந்த 36 யூனிட் 4க்கு இறங்கும். ஒரு ஆள் தூங்கும்போது அவர் உடம்பிலிருந்தே 70 வாட் அளவு சூடு வருகிறது. ஐந்து பேர் குடும்பம் என்றால் 350 வாட். சீலிங் போட்ட கூரை இழப்பதை உங்கள் குடும்பமே ஈடுசெய்துவிடும். சுவரும் கதவிடுக்கும் தனிக்கணக்கு, ஆனால் அவை எல்லாம் கூரைக்கு அப்புறம்தான்.

விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாயில் விழும் தண்ணீரும் இதனால் குறையும். அது மழை ஒழுக்கு அல்ல. மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராவது.

காப்புக்கு என்ன போடலாம் என்றால், ரிஜிபோம் தகடு மலிவு, லேசு. ஆனால் தீப்பிடிக்கும், நச்சுப் புகை விடும். அடுப்பு உள்ள காம்பராவுக்கு மேலே போடவே கூடாது. படுக்கும் அறையிலும் அதைத் திறந்து விடாமல் கீழே பலகையோ சீட்டோ அடிக்க வேண்டும். கண்ணாடிக் கம்பளி தீப்பிடிக்காது, விலை கூட, நனைந்தால் பயனில்லை. பழைய அஸ்பெஸ்டோஸ் சீட் என்றால் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்குக் கெட்டது. சீலிங்கைத் தனிச் சட்டத்தில் கட்டுங்கள்.

கூரையை மூடிய பிறகு தண்ணீர்த் தாங்கியில் சூட்டைச் சேமிக்கலாமா?

கணக்கைப் பாருங்கள். 1,000 லீற்றர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 45க்கு ஏற்றினால் 23 யூனிட். காப்பிட்ட ஒரு சின்ன வீட்டுக்கு ஓர் இரவுக்கு அது நல்ல உதவி. ஆனால் ஒரு நாளில் அவ்வளவு ஏற்ற 9, 10 சதுர மீற்றர் வெப்பத் தகடு வேண்டும், குழாய், பம்ப், அறையில் சூடு விடும் தகடு என்று செலவு வளரும். 200 லீற்றர் சோலார் வாட்டர் ஹீட்டர் முழுசாகச் சூடானால் வைத்திருப்பது 8 யூனிட் மட்டும்.

என்னைக் கேட்டால், அந்த வெந்நீரில் குளியுங்கள், பாத்திரம் கழுவுங்கள், இரண்டு லீற்றரை சுடுதண்ணீர்ப் பையில் ஊற்றிப் போர்வைக்குள் வையுங்கள். அறை முழுதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எப்போதும் மலிவு. கம்பளி போர்த்திக்கொண்டு மலைக்குப் போன நம் பாட்டிமாருக்கு இது தெரிந்த சங்கதி.

ஹோட்டலுக்கு, பங்களாவுக்கு? பணம் பிரச்சினை இல்லை என்றால் துளை போடலாமா?

பணம் இருந்தாலும் துளை வேண்டாம். குளிரூட்டும் ஏசியை எதிர்த்திசையில் ஓடவிட்டால் அது ஹீட்டர். சூடும் குளிரும் இரண்டும் தரும் இன்வேர்ட்டர் ஏசி என்று கேட்டு வாங்க வேண்டும். குளிர் மட்டும் தரும் மாதிரிகளே இங்கே அதிகம். வெளியே 8, 10 பாகை இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட்டுக்கு மேல் சூடு தரும். கனடாவில் வெளிக்காற்று உறைந்து கிடப்பதால் நிலத்திலிருந்து சூடு எடுப்பதில் லாபம் உண்டு. நம் இரவுக் காற்று அவர்கள் கணக்கில் குளிரே அல்ல. காற்றிலிருந்தே எடுக்கலாம்.

சரிவான இடத்தில் தோண்டுவது ஆபத்தா?

ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. சரிவை வெட்டுவதும், வெட்டிய இடத்தில் தண்ணீர் இறங்க விடுவதும் மண்ணைத் தளர்த்தும். சூட்டுக் குழாய் ஒன்று நிலத்துக்குள் வெடித்துக் கசிந்தால் வெளியே தெரிவதற்கே நாளாகும். பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டவோ வெட்டவோ முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் திட்டைக் "கொஞ்சம்" வெட்டுவதும் இதில் சேரும்.

மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் பிரச்சினை பனி அல்ல, ஜூன் தொடங்கி அடைமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அடிக்கும் வெயிலை அதற்குச் சேமித்தால்?

எனக்கு வந்த கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது. மலையகத்தில் உண்மையான பருவகாலச் சேமிப்புக்கு ஓரளவு நியாயம் இருக்கிற ஒரே இடம் தென்மேற்குப் பருவமழை நேராக மோதும் மேற்குச் சரிவு. வாரக்கணக்கில் சூரியனைக் காண முடியாது, துணி காயாது, சுவரில் பூஞ்சணம்.

ஆனால் மண்ணில் சேமிப்பதற்கு மிக மோசமான இடமும் அதுவே. அந்த மலைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிற்கும் ஈரம் பரவாயில்லை; ஓடும் நீர் நீங்கள் நான்கு மாதம் சேர்த்ததைப் பீலி வழியே கீழே கொண்டுபோய்விடும். காப்பிட்ட பெரிய தாங்கிதான் வழி, அதற்கும் ஓர் ஆஸ்பத்திரி அல்லது விடுதி அளவு தேவை இருக்க வேண்டும்.

அங்கே உண்மையில் வேண்டியது சூடு அல்ல, உலர்வு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டவும் தேயிலை காய வைக்கவும் விறகு எரித்துச் சூடான காற்று எடுக்கிறார்கள். வெளியே போகும் அந்தச் சூட்டில் ஒரு பங்கை எடுத்து, பக்கத்தில் தொழிலாளருக்கு ஒரு துணி காயவைக்கும் அறை கட்டினால், எந்த நிலத்தடிச் சேமிப்பையும்விட மலிவாக முடியும். தோட்ட நிர்வாகங்கள் இதை ஏன் செய்வதில்லை என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

மரக்கறித் தோட்டத்துக்கும் பசுமைக் கூடத்துக்கும் இதில் ஏதாவது உண்டா?

உண்டு, வீட்டைவிட அதிகமாக. ஏனென்றால் செடிக்கு 20 பாகை வேண்டாம், பூச்சியத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகை இருந்தால் உயிர் பிழைக்கும்.

பனி எதிர்பார்க்கும் வாரத்தில் மண்ணை ஈரமாக வையுங்கள். ஈர மண் பகல் வெயிலை ஆழம்வரை உள்ளே இழுக்கும், இரவில் திருப்பிக் கொடுக்கும். உலர்ந்த பொசுபொசு மண் கொடுக்காது. வைக்கோல், சருகு மூடாக்கு மற்ற காலத்தில் நல்லது, ஆனால் பனிக்காலத்தில் அது மண்ணின் சூடு செடியை எட்டாமல் தடுத்துவிடும். பாத்தியில் மூடாக்கை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் கீழ்ப் பக்க வேலியை அடர்த்தியாக அடைத்து வைத்தால் அந்தக் காற்று உங்கள் உருளைக்கிழங்கின் மேலேயே நிற்கும். கீழே ஒரு வழி திறந்து விடுங்கள்.

பொலித்தீன் கூடாரம் இரவிலும் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணப் பொலித்தீன் வழியே மண்ணின் வெப்பக் கதிர் தடையில்லாமல் வெளியே போகும். சில இரவுகளில் உள்ளே வெளியைவிடக்கூடக் குளிர்ந்திருக்கும். கறுப்புப் பூசிய தண்ணீர்ப் பீப்பாய்களைப் பகல் வெயில் படும் இடத்தில் வரிசையாக வைத்தால் நிலைமை மாறும். 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்று 10 பாகை குளிர்ந்தால் 2 யூனிட்டுக்கு மேல் சூடு விடும். இன்னும் செலவழிக்க முடிந்தவர்கள் பாத்திக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் குழாய் பதித்து, கூடாரத்தின் உச்சியில் தேங்கும் பகல் சூட்டுக் காற்றை ஒரு சிறு மின்விசிறியால் அதற்குள் தள்ளலாம். இரவில் அதே விசிறி மண்ணின் சூட்டை மேலே கொண்டுவரும். ஸ்ட்ரோபெரி, குடைமிளகாய் போடுபவர்களுக்கு இது கணக்குக்கு வரக்கூடும். கனடாக் காணொளியில் இருப்பதும் இதுதான், ஆறு மாதத்துக்குப் பதில் ஓர் இரவு.

இதெல்லாம் ஆகும்வரை கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கரியும் மிலாறும் (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) கனன்று எரியும்போது காபன் மொனொக்சைட்டு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்தில் ஆள் எழுந்திருக்காமல் போய்விடலாம். படுக்கப் போகும் முன் சட்டியை வெளியே இஸ்தோப்பில் வைத்துவிடுங்கள், தணல் கொஞ்சமாக இருந்தாலும். சீலிங் அடித்து இடுக்குகளை அடைத்த வீட்டில் இது முன்பைவிட இரண்டு மடங்கு கவனம். அடுப்பு உள்ள காம்பராவுக்குப் புகைபோக்கியும், மேலே மூடாத ஒரு திறப்பும் கட்டாயம் இருக்க வேண்டும்.